துருக்கறை: தேய்ப்பதற்கு முன் ஒரு நிமிடம்

விருந்தினர் வருகிறார்கள் என்றால் நம் வீடுகளில் முதலில் பரபரப்பாவது சமையலறை. அடுத்தது குளியலறை. அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போதே ஒருவர் கையில் பிரஷோடு கழிப்பறைக்குள் நுழைந்துவிடுவார். வாஷ்பேசினில் குழாய்க்கு நேர்கீழே செம்மண் நிறத்தில் ஒரு கோடு. டாய்லெட் பீங்கானில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு பழுப்பு வளையம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. "இவர்கள் சுத்தமாக இருக்க மாட்டார்களோ என்று நினைத்துவிட்டால்?" என்ற கூச்சம் வேறு.

நலவாழ்வுப் பகுதியில் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு என்று எழுதுவார்கள். கழிப்பறைக் கறைக்கு ஒரு கட்டுரையா என்று சிலருக்குத் தோன்றலாம். ஒரு காலத்தில் எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு எண்ணம் மாறிவிட்டது. எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். துருக்கறையால் யாருக்கும் நோய் வருவதில்லை. அதைப் போக்க நாம் அவசரத்தில் செய்யும் காரியங்களால் வரலாம். கறையைப் போக்கிவிட்டு, அது எதனால் வந்தது என்று கேட்காமல் விடுவதாலும் வரலாம்.

ஒரு நவராத்திரிச் சனிக்கிழமை

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. நியூ ஜெர்சியில் ஹண்டர்டன் கவுன்ட்டியில் எங்கள் வீடு. நகராட்சித் தண்ணீர் கிடையாது, சொந்தக் கிணறுதான். ஊரிலிருந்து அம்மா ஆறு மாதம் தங்க வந்திருந்தார். சனிக்கிழமை மாலை கொலுவுக்கு இருபது பேரை அழைத்திருந்தோம். சாமான் வாங்க நாங்கள் எடிசன் வரை போயிருந்த நேரத்தில், அம்மா கீழ்த்தளக் கழிப்பறையைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டார். யாரும் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. "பிள்ளை வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே" என்ற எண்ணம் நம் பெற்றோர்களுக்கு எப்போதும் உண்டு அல்லவா?

ஊரில் கழிப்பறைக்கு 'ஆசிட்' ஊற்றித் தேய்ப்பது அவருக்குப் பழக்கம். இங்கே அலமாரியில் டாய்லெட் கழுவும் திரவம் இருந்தது. அதுவும் அமிலம் கலந்ததுதான். அதை ஊற்றினார். கறை கொஞ்சம் வெளுத்தது, முழுவதும் போகவில்லை. பக்கத்திலேயே துணிக்குப் போடும் ப்ளீச் இருந்தது. வேட்டியையே வெளுக்கிறதே, இந்தக் கறை எம்மாத்திரம் என்று அதையும் மேலே ஊற்றினார். கதவு சாத்தியிருந்தது. குளிர் என்று ஜன்னலையும் சாத்தியிருந்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது அம்மா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்து நீர் வழிந்தது. "ஒண்ணுமில்லப்பா, நெடி கொஞ்சம் ஏறிடுச்சு" என்றார். நாங்கள் கீழே போய் இரண்டு பாட்டில்களையும் பார்த்துவிட்டு வந்து கேட்ட பிறகுதான், இரண்டையும் ஊற்றியதாகச் சொன்னார். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். காரில் போகும்போது இருமலுக்கு நடுவே இரண்டு முறை கேட்டார்: "இதெல்லாம் இன்சூரன்ஸ்ல வருமா? எதுக்கு வீண் செலவு?"

ஆக்சிஜன் கொடுத்தார்கள். சில மணி நேரம் கண்காணித்து அனுப்பினார்கள். இருமல் அடங்க இரண்டு வாரம் ஆயிற்று. கொலுவுக்கு அழைத்தவர்களுக்கெல்லாம் தொலைபேசியில் வர வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. மறுநாள் போய்ப் பார்த்தால், டாய்லெட்டில் கறை அப்படியே இருந்தது.

எதனோடு எதைக் கலக்கக் கூடாது

ப்ளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். அதோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். 1915 ஏப்ரலில், முதல் உலகப் போரின்போது பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஆயுதமாகத் திறந்துவிடப்பட்டதும் இதே வாயுதான். நம் கழிப்பறையில் உண்டாகும் அளவு மிகக் குறைவு என்றாலும், ஜன்னல் இல்லாத சின்ன அறையில் குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவருக்கு அது போதும். ஆஸ்துமா இருப்பவர்கள், முதியவர்கள், குழந்தைகள் எளிதில் பாதிக்கப்படுவார்கள்.

டாய்லெட் கழுவும் அமிலத் திரவம் மட்டுமல்ல. வினிகர், எலுமிச்சைச் சாறு, துருநீக்கி ஆகியவையும் அமிலங்களே. இவற்றில் எதையும் ப்ளீச்சோடு சேர்க்கக் கூடாது. கண்ணாடி துடைக்கும் சில திரவங்களில் அமோனியா இருக்கும். அது ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரமின் என்ற வேறொரு நச்சுவாயு உண்டாகும். இரும்புக் கறைக்கென்றே விற்கும் சில வெள்ளைப் பொடிகளில் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் இருக்கிறது. அதை ப்ளீச்சோடும் கலக்கக் கூடாது, அமிலத்தோடும் கலக்கக் கூடாது. ஒன்றை ஊற்றிப் பலன் கிடைக்காவிட்டால், இரண்டு மூன்று முறை ஃப்ளஷ் செய்து நன்றாகக் கழுவிவிட்டு, வேறொரு நாள் மற்றதை முயலுங்கள்.

தவறுதலாகக் கலந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் அந்த அறையை விட்டு வெளியே வாருங்கள். ஃப்ளஷ் செய்யவோ துடைக்கவோ திரும்ப உள்ளே போகாதீர்கள். வெளிக்காற்றில் உட்காருங்கள். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். மூச்சுத் திணறினால் 911. அவ்வளவு மோசமில்லை, ஆனால் சந்தேகமாக இருக்கிறது என்றால், அமெரிக்காவின் எந்த மூலையிலிருந்தும் 1-800-222-1222 என்ற நச்சுத் தடுப்பு மைய எண்ணை அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். கட்டணம் இல்லை, இன்சூரன்ஸ் கேட்பதில்லை. ஊரிலிருந்து வரும் பெற்றோர்களுக்கு இந்த ஒரு விவரத்தையாவது வந்த முதல் வாரத்திலேயே சொல்லிவைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. செலவுக்குப் பயந்து இருமலை மறைப்பவர்கள் அவர்கள். குளோரினை அதிகம் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் கூடலாம் என்பதால், "இப்போது சரியாகிவிட்டது" என்று அவர்கள் சொல்வதை மட்டும் வைத்து விட்டுவிடாதீர்கள்.

ப்ளீச் போட்டால் கறை ஏன் கூடுகிறது?

இதில் வேடிக்கை என்னவென்றால், துருக்கறைக்கு ப்ளீச் மருந்தே அல்ல. நிலத்தடி நீரில் இரும்பு கரைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் தெளிவாகவே வரும். காற்று பட்டதும் ஆக்சிஜனோடு சேர்ந்து கரையாத துருவாக மாறிப் பீங்கானில் படியும். ப்ளீச் செய்வதும் ஆக்சிஜனேற்றம்தான். ஆகவே ப்ளீச் ஊற்றினால் தண்ணீரில் கரைந்திருக்கும் மிச்ச இரும்பும் துருவாகி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். டாய்லெட் தொட்டிக்குள் போட்டுவைக்கும் ப்ளீச் வில்லைகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. போதாக்குறைக்குத் தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் மூடியையும் அவை அரித்துவிடுகின்றன.

துருவைக் கரைப்பது அமிலம். இது நமக்குப் புதிதல்ல. பித்தளை விளக்கையும் செப்புக் குடத்தையும் நம் பாட்டிமார் புளி போட்டுத்தானே தேய்த்தார்கள்? புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் உலோகத்தின் மேல் படிந்த களிம்பைக் கரைக்கிறது. அதே தத்துவம்தான் இங்கேயும். ஆனால் புளியைக் கொண்டுபோய் வாஷ்பேசினில் தேய்க்க வேண்டியதில்லை. அதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன.

கறையைப் போக்கும் முறை

லேசான கறைக்கு எலுமிச்சைச் சாறு அல்லது வெள்ளை வினிகர் போதும். காகிதத் துண்டை அதில் நனைத்துக் கறையின் மேல் ஒட்டிவைத்து, ஓரிரு மணி நேரம் கழித்து மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். இந்தியக் கடைகளில் கிடைக்கும் சிட்ரிக் அமிலப் பொடியை வெந்நீரில் கரைத்தும் பயன்படுத்தலாம். டாய்லெட்டில் செய்வதானால், முதலில் சுவரோரம் உள்ள வால்வை மூடி ஃப்ளஷ் செய்து தண்ணீரை இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஊற்றுவது தண்ணீரில் கலந்து நீர்த்துவிடும்.

பழைய, தடித்த கறைக்கு ஆக்சாலிக் அமிலம் கலந்த பொடிகள் நன்றாக வேலை செய்யும். 'பார் கீப்பர்ஸ் ஃப்ரெண்ட்' போன்றவை இவ்வகை. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, டப்பாவில் சொல்லியிருக்கும் நேரத்துக்கு மேல் விடாமல் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். ஆக்சாலிக் அமிலம் உள்ளே போனால் சிறுநீரகத்துக்குக் கெடுதி. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மேலே சொன்ன சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் பொடியும் துருவை மீண்டும் கரையும் இரும்பாக மாற்றிக் கறையை எடுத்துவிடும். அந்த டப்பாவுக்குள் ஈரம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈரம் பட்டால் சூடேறும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. இரும்பு நார் வைத்துத் தேய்க்காதீர்கள். பீங்கானில் கீறல் விழும். நாரின் துகள்கள் கீறலுக்குள் தங்கி அவையே மறுபடி துருப்பிடிக்கும். பியூமிஸ் கல்லை நன்றாக நனைத்து, டாய்லெட் பீங்கானில் மட்டும் மெதுவாகப் பயன்படுத்தலாம். இனாமல் பூசிய தொட்டியிலும் அக்ரிலிக்கிலும் வேண்டாம். வாஷ்பேசின் பதித்திருக்கும் பலகை மார்பிள் என்றால் அமிலம் எதையும் அருகில் கொண்டுபோகாதீர்கள். பளபளப்பு ஒரேயடியாகப் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. வாங்குமுன் லேபிளைப் படியுங்கள். சில துருநீக்கிகளில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கும். அது தோலில் பட்டால் சில சமயம் உடனே எரிச்சல்கூடத் தெரியாது. ஆனால் உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, ஆழமான புண்ணையும் இதயத்துடிப்புக் கோளாறையும் உண்டாக்கக்கூடியது. லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒரு கறைக்காக அவ்வளவு பெரிய ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவரத் தேவையில்லை.

கறை எங்கிருந்து வருகிறது?

இந்த மண்ணில் இரும்பு நிறைய உண்டு. தெற்கு நியூ ஜெர்சியின் பைன் பேரன்ஸ் காடுகளில், சதுப்பு நிலத்து ஓடைகளில் படிந்த இரும்பை வாரி உருக்கியே ஒரு தொழில் நடந்தது. 1766இல் தொடங்கிய பாட்ஸ்டோ உலை, அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனின் படைக்கு இரும்புப் பொருட்கள் செய்து கொடுத்தது. அந்தக் கிராமத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம். அங்கே உலையில் உருகிய இரும்புக்கு உறவுதான் நம் வாஷ்பேசினில் படியும் இரும்பும். எனவே கிணறு வைத்திருப்பவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. கறை உங்கள் சோம்பலால் வந்ததல்ல, மண்ணின் குணத்தால் வந்தது.

நகராட்சித் தண்ணீர் வரும் வீடுகளிலும் கறை வருமே என்று கேட்கலாம். வரும். ஷேவிங் கிரீம் டப்பாவை ஈரமான வாஷ்பேசின் ஓரத்தில் வைத்தால் மறுநாள் காலை அடியில் வட்டமாகத் துரு இருக்கும். கொண்டை ஊசி விழுந்து கிடந்தாலும் அப்படியே. டாய்லெட் தொட்டிக்குள் இருக்கும் இரும்பு போல்ட் துருப்பிடித்திருக்கலாம். பழைய வீடுகளில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் உள்ளே அரித்துப் போயிருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத ஒரு வழி உண்டு. காலையில் முதல் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தெளிவாக வந்து, சில மணி நேரம் கழித்து அடியில் செம்பழுப்பாகப் படிந்தால், நிலத்தடி நீரில் இரும்பு கரைந்திருக்கிறது. வரும்போதே கலங்கலாக வந்து, கொஞ்சம் ஓடவிட்டதும் தெளிந்தால், வீட்டுக் குழாய்களைச் சந்தேகப்பட வேண்டும். சுடுநீரில் மட்டும் வந்தால் வாட்டர் ஹீட்டரைப் பாருங்கள். கறையின் நிறமும் பேசும். கறுப்பாக இருந்தால் மாங்கனீஸ். நீலப்பச்சையாக இருந்தால், தண்ணீரில் அமிலத்தன்மை அதிகமாகிச் செப்புக் குழாய் அரிக்கப்படுகிறது. அப்படிப்பட்ட தண்ணீர் பழைய குழாய் இணைப்புகளில் உள்ள ஈயத்தையும் கரைத்துக்கொண்டு வரலாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது.

தெரியும் கறையும் தெரியாத கறையும்

இனி எங்கள் கதையின் மறுபாதி. அம்மாவுக்கு உடம்பு தேறிய பிறகு, கறையின் காரணத்தையே தீர்த்துவிடுவோம் என்று வாட்டர் சாஃப்ட்னர் வாங்கக் கிளம்பினோம். அனுபவமுள்ள நண்பர் ஒருவர் தடுத்தார். "முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதை வடிகட்டப் போகிறீர்கள்?" என்றார். மாநிலச் சான்று பெற்ற ஆய்வகத்தில் கொடுத்தோம். இரும்பு லிட்டருக்கு 1.8 மில்லிகிராம் என்று வந்தது. எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழே இருந்த வரிதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. ஆர்சனிக் லிட்டருக்கு 8 மைக்ரோகிராம்.

ஆர்சனிக் என்றால் பாஷாணம். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை, கறையும் இல்லை. நாட்டளவில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 10 மைக்ரோகிராம். நியூ ஜெர்சி அதைவிடக் கண்டிப்பாக 2006இல் 5 மைக்ரோகிராம் என்று நிர்ணயித்தது. ஹண்டர்டன், மெர்சர், சோமர்செட் பகுதிகளின் அடியில் இருக்கும் சில பாறைகளிலேயே இயற்கையாக ஆர்சனிக் உண்டு. பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு வாய்ப்பைக் கூட்டும் பொருள் அது. அந்த வீட்டுத் தண்ணீரைத்தான் நாங்களும் குழந்தைகளும் அத்தனை ஆண்டுகள் குடித்திருந்தோம். கழிப்பறைக் கோப்பையில் தெரிந்த கறைக்காகப் பாட்டில் பாட்டிலாக வாங்கினோம். குடிக்கும் கோப்பையில் இருந்ததைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.

இரும்பைப் பொறுத்தவரை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் அளவு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். அது சுவை, நிறம், கறை ஆகியவற்றுக்காக வைத்த அளவு, நோய்க்காக வைத்ததல்ல. "இரும்புச்சத்து நல்லதுதானே, சோகைக்கு மருந்தாகாதா?" என்று சில பெரியவர்கள் கேட்பார்கள். மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 18 மில்லிகிராம் இரும்பு தேவை. 0.3 மில்லிகிராம் உள்ள தண்ணீர் இரண்டு லிட்டர் குடித்தாலும் 0.6 மில்லிகிராம்தான் சேரும். மருந்துமல்ல, விஷமுமல்ல. உடலில் இரும்பு தேங்கும் ஹீமோகுரோமடோசிஸ் நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மாங்கனீஸ் அப்படியல்ல. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கலக்கக் கூடாது.

கொதிக்க வைத்தால் போதாதா?

நம்மில் பலர் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். நல்ல பழக்கம்தான், கிருமிகள் சாகும். ஆனால் ஆர்சனிக், ஈயம், நைட்ரேட் எதுவும் கொதிப்பதால் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற, மிச்சத்தில் அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் பச்சிளங்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனை ஏந்தும் திறனை இழக்கும். "நாங்கள் காய்ச்சித்தான் கொடுக்கிறோம்" என்பது இந்த விஷயத்தில் பாதுகாப்பு ஆகாது.

வாட்டர் சாஃப்ட்னரும் சர்வரோக நிவாரணி அல்ல. தண்ணீரின் கடினத்தன்மையையும் கரைந்த இரும்பை ஓரளவும் எடுக்கும். ஆர்சனிக்குக்கு அதை நம்ப முடியாது. உப்பில் இயங்குவதால் தண்ணீரில் சோடியம் கொஞ்சம் கூடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லிவைப்பது நல்லது. இரும்பு அதிகமென்றால் அதற்கென ஆக்சிஜனேற்றம் செய்து வடிகட்டும் சாதனம் உண்டு. அமிலத்தன்மைக்குச் சுண்ணாம்புக்கல் நிரப்பிய வடிகட்டி, ஆர்சனிக்குக்கு அதற்குரிய வடிகட்டி என்று ஒவ்வொன்றும் தனி. விற்பனையாளர் வீட்டுக்கே வந்து இலவசமாகச் செய்து காட்டும் சோதனை, அவர் விற்கும் சாதனத்துக்குத் தேவையானதை மட்டும் பார்க்கக்கூடும். அதை வைத்து ஆயிரக்கணக்கான டாலருக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சட்டம் எதுவரை காக்கும்?

நியூ ஜெர்சியில் தனியார் கிணற்று நீர்ச் சோதனைச் சட்டம் 2002 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கிணறுள்ள வீட்டை விற்கும்போது தண்ணீரைச் சோதித்து, வாங்குபவருக்கும் விற்பவருக்கும் முடிவைக் கொடுக்க வேண்டும். வாடகைக்கு விட்டிருந்தால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். 2021இல் பி.எஃப்.ஏ.எஸ். வகை இரசாயனங்கள் சிலவும் சோதனைப் பட்டியலில் சேர்ந்தன. நல்ல சட்டம்.

ஆனால் சொந்த வீட்டில் குடியிருப்பவரை அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. நகராட்சித் தண்ணீரைச் சோதிக்க ஆள் இருக்கிறது. நம் கிணற்றுக்கு நாம்தான் நகராட்சி. 2002க்கு முன் வாங்கியவர்கள், எங்களைப் போல, ஆர்சனிக் சோதனை என்ற பேச்சே கேட்காமல் இருந்திருக்கலாம். பின்னால் வாங்கியவர்களிலும் அந்த அறிக்கையை வீட்டுக் கடன் காகிதங்களோடு சேர்த்துக் கட்டி வைத்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறோம். இன்று மாலை அதை எடுத்துப் பாருங்கள். 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் என்று அதில் எழுதியிருந்து, நாம் கவனிக்காமல் விட்டிருக்கவும் கூடும்.

நகரவாசிகளுக்கும் ஒரு வார்த்தை. 2021இல் நியூ ஜெர்சி இயற்றிய சட்டப்படி, ஈயத்தால் ஆன வீட்டு இணைப்புக் குழாய்களை நீர் நிறுவனங்கள் பத்தாண்டுக்குள் மாற்ற வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பு இணைப்புக் குழாய்களும் அதில் அடங்கும். உங்கள் வாஷ்பேசினில் துருக் கோடு விழுந்தால், "எங்கள் வீட்டுக்கு வரும் குழாய் எதனால் ஆனது?" என்று உங்கள் நீர் நிறுவனத்தைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எங்கள் வேண்டுகோள்

கிணற்று நீரில் கிருமி, நைட்ரேட், அமிலத்தன்மை ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்கச் சொல்கிறார்கள் பொதுநலத் துறையினர். பனி உருகி மழை பெய்து முடியும் வசந்தகாலம் அதற்கு ஏற்றது. நமக்கோ அப்போதுதான் சித்திரை பிறக்கிறது. புத்தாண்டுக்கு வீட்டைக் கழுவி, மாங்காய்ப் பச்சடி செய்வதோடு, கிணற்று நீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுப்பதையும் ஒரு சம்பிரதாயமாக்கினால் என்ன? முழுச் சோதனைக்குச் சில நூறு டாலர் ஆகலாம். ஒரு பிறந்தநாள் விழாவுக்கு நாம் செலவு செய்வதைவிடக் குறைவுதான். நம் சங்கமே கிணறுள்ள உறுப்பினர்களைச் சேர்த்து, ஒரே நாளில் மாதிரிகளைத் திரட்டி ஆய்வகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யலாம். அதற்கு முன்வருபவர்களோடு உழைக்க நாங்கள் தயார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக் கழிப்பறையைப் பார்த்து அந்த வீட்டுப் பெண்ணை எடைபோடும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அந்தப் பார்வைக்குப் பயந்துதான் காற்றில்லாத அறைக்குள் இரண்டு பாட்டில்களோடு நம் அம்மாக்களும் சகோதரிகளும் போகிறார்கள். அடுத்த முறை ஒரு நண்பர் வீட்டில் செம்மண் கோட்டைப் பார்த்தால் முகம் சுளிக்காதீர்கள். "உங்கள் கிணற்றைச் சோதித்தீர்களா?" என்று அன்போடு கேளுங்கள். அந்த வீட்டுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அதுவாக இருக்கலாம்.

அம்மா இப்போது ஊரில் நலமாக இருக்கிறார். அடுத்த முறை வந்தபோது அலமாரியில் ப்ளீச் இல்லை; ஒரு டப்பா ஆக்சாலிக் அமிலப் பொடியும் கையுறையும் மட்டும் இருந்தன. அலமாரிக் கதவின் உள்பக்கம் தமிழில் எழுதி ஒட்டியிருந்தோம்: "ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். ஜன்னலைத் திற. சந்தேகமா? 1-800-222-1222." அதைப் படித்துவிட்டு அம்மா சிரித்தார். "எனக்காகவா எழுதினீங்க?" என்றார். எல்லாருக்காகவும்தான் என்றோம்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அந்த மூன்று வரிகளை இன்றே எழுதி ஒட்டுங்கள். கறை இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகட்டும்.